இரட்சிப்பின் நிச்சயமும் ஒரு சாதிச் சான்றிதழும்

"இன்னிக்கு ராத்திரி நீ செத்துட்டா எங்க போவ? நிச்சயமாத் தெரியுமா உனக்கு?"

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் நடந்த ஒரு நற்செய்திக் கூட்டத்தில் பிரசங்கியார் இப்படிக் கேட்டார். தெரிந்தவர்கள் கையைத் தூக்கச் சொன்னார். 1982. எனக்குப் பதினான்கு வயசு. கூட்டத்தில் பாதிப்பேர் கையைத் தூக்கினார்கள், நானும் தூக்கினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மா தூக்கவில்லை. கடைசி பஸ்ஸில் திரும்பும்போது ஏன் என்று கேட்டேன். "எங்க போவேன்னு தெரியும்டா. எந்த வழியாத் தூக்கிக்கிட்டுப் போவாங்கன்னுதான் தெரியல" என்றார்.

எங்கள் சேரி சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் நடுவில், பரங்கிப்பேட்டைக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. கல்லறைக்குப் போக இரண்டு வழி. ஒன்று ஊர்த்தெரு. அது எங்கள் பிணத்துக்குக் கிடையாது. இன்னொன்று வாய்க்காலில் இறங்கி ஏறிப் போவது. ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்கால் நிரம்பி ஓடும். அந்த மாசங்களில் செத்தவர்களை வெள்ளம் வடியும்வரை வீட்டிலேயே போட்டுவைத்த கதை ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. பரலோகத்துக்கு வழி நிச்சயம், பாதி கிலோமீட்டர் தூரத்துக் குழிக்கு வழி நிச்சயமில்லை என்பதைத்தான் பெரியம்மா சொன்னார். கிண்டலாகச் சொல்லவில்லை. அவர் அழுத்தமான விசுவாசி.

ஒருமுறை இரட்சிக்கப்பட்டவன் திரும்ப அதை இழந்துபோக முடியுமா? கிறிஸ்தவத்துக்குள் இது பழைய சண்டை. கடவுளின் தனி வெளிப்பாடு இல்லாமல் 'நான் கடைசிவரை நிலைத்திருப்பேன்' என்று எவரும் உறுதி சொல்லிக்கொள்ள முடியாது என்று கத்தோலிக்கர்களின் திரெந்து பொதுச்சங்கம் 1547-இல் தீர்மானித்தது. லூத்தர் வேறு மாதிரி சொன்னார்: உனக்குள்ளே தோண்டிப் பார்த்து நிச்சயம் தேடாதே, அங்கே சந்தேகம்தான் கிடைக்கும், வெளியே பார், உனக்குக் கொடுக்கப்பட்ட வாக்கைப் பார், ஞானஸ்நானத்தைப் பார். கால்வினைப் பின்பற்றியவர்கள் 1618-19-இல் ஹாலந்தின் தோர்த் நகரத்தில் கூடி, தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் விழுந்தாலும் தள்ளுண்டு போகமாட்டார்கள் என்று எழுதிவைத்தார்கள். ஆர்மீனியஸின் ஆட்கள் அதை ஏற்காமல் வெளியேற்றப்பட்டார்கள். எங்கள் சேரியில் இன்றைக்கு லுத்தரன் கோயில் ஒன்று, கூரை போட்ட பெந்தெகொஸ்தே சபைகள் இரண்டு. பெந்தெகொஸ்தேகாரர்களுக்குக் கால் வழுக்கினால் போச்சு, வாராவாரம் முன்னால் வந்து முட்டிபோட வேண்டும்.

தன் பெயர் பரலோகப் பட்டியலில் இருக்கிறதா என்ற பயத்தில்தான் கால்வினிஸ்டுகள் ஓயாமல் உழைத்தார்கள், அந்த உழைப்புதான் முதலாளியத்துக்கு மனநிலையைத் தயாரித்துக் கொடுத்தது என்று மாக்ஸ் வேபர் எழுதினார். எங்கள் ஜனமும் பயந்துகொண்டு ஓயாமல்தான் உழைத்தது. மூலதனம் ஒன்றும் சேரவில்லை.

இந்த விவாதம் பெரும்பாலும் ஒருவன் தனியாகத் தன் அறையில் உட்கார்ந்து தன் ஆத்துமாவைப் பற்றி யோசிப்பதாகவே நடக்கிறது. கதவைத் தட்டி, 'நீ யார், எழுதிக் கொடு' என்று கேட்கும் ஓர் ஆபீசர் அந்த அறைக்கு வருவதில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தார்.

நான் பிளஸ் டூ முடித்த வருஷம் 1986. காலேஜில் சேரச் சாதிச் சான்றிதழ் வேண்டும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதே அப்பா முன்யோசனையாக எனக்கு வேறொரு பெயர் கொடுத்து 'இந்து ஆதிதிராவிடர்' என்று எழுதியிருந்தார். கோயில் பெயர் ஒன்று, ரெக்கார்டு பெயர் ஒன்று. எங்கள் தெருவில் அநேகமாக எல்லாப் பிள்ளைக்கும் இப்படித்தான். யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கிறார்கள் போல, ஆர்.ஐ. நேரில் விசாரிக்க வருவதாகத் தலையாரி வந்து சொல்லிவிட்டுப் போனார். முந்தின ராத்திரி அப்பா சுவரிலிருந்த இயேசு படத்தையும் வசனக் காலண்டரையும் கழற்றி நெல்லுக் குதிருக்குப் பின்னால் வைத்தார். சிதம்பரத்திலிருந்து ஒரு நடராஜர் காலண்டர் வாங்கி வந்து அதே ஆணியில் மாட்டினார். அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்த ஆயா சொன்னது: "நம்மள உள்ள வுடாத சாமி. இப்ப அவரே நம்ம வூட்டுக்கு வந்துட்டாரு பாரு."

ஆர்.ஐ. வந்தார், திண்ணையில் உட்காரவில்லை. சுவரைப் பார்த்தார். அப்பாவுடைய நெற்றியைப் பார்த்தார். "நெத்தியில ஏம்பா ஒண்ணும் இல்ல?" அப்பா உள்ளே போய் அடுப்புச் சாம்பலைப் பூசிக்கொண்டு வந்தார். என் பக்கம் திரும்பினார்.

"நீ கோயிலுக்குப் போவியா?"

"போவேங்க."

இதில் பொய் இல்லை. நாங்களும் கோயில் என்றுதானே சொல்கிறோம். தமிழ் அந்த இடத்தில் என்னைக் காப்பாற்றியது. அடுத்த கேள்வியில் காப்பாற்றவில்லை.

"கிறிஸ்டினா நீ?"

"இல்லீங்க."

அவ்வளவுதான் சம்பவம். சான்றிதழ் கிடைத்தது. அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடாமல் படுத்திருந்தபோது ஆயா தலைமாட்டில் வந்து உட்கார்ந்து, "பேதுரு மூணு வாட்டி சொன்னாரு. நீ ஒரு வாட்டிதான சொன்ன" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும்தான்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பது இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களுக்குத் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரன் போட்ட 1936 ஆணையிலேயே இந்தியக் கிறிஸ்தவர் எவரும் அட்டவணைச் சாதியாகக் கருதப்படமாட்டார் என்று இருந்தது. 1950-இல் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் அட்டவணைச் சாதி ஆகமாட்டார் என்றது. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியிலேயே நிற்கிறார்கள். 1985-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன சூசை வழக்கை மறக்க முடியாது. சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்த ஒருவர், மற்றத் தொழிலாளிகளுக்குக் கொடுத்த பங்க் கடையைத் தனக்கும் கேட்டார். அவர் கிறிஸ்தவர் என்பதால் கிடைக்கவில்லை. மதம் மாறிய பிறகும் சாதியின் கொடுமை அதே வேகத்தில் தொடர்கிறது என்று நிரூபித்துக் காட்டு என்றது கோர்ட்டு. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் எத்தனை தலைமுறை ஆனாலும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். சிதம்பரம் நாடாளுமன்றத் தனித்தொகுதியில் அவர் ஓட்டுப் போடலாம், நிற்க முடியாது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் இந்தத் தடையை எடுக்கச் சொன்னது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. அதற்கு முந்தின வருஷமே மத்திய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்துவிட்டது.

எங்கள் ஜனத்தை 'அரிசிக் கிறிஸ்தவன்' என்று ஏசுவது பழைய வழக்கம். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் தென்னாட்டில் ஆயிரக்கணக்கில் சேரி ஜனம் மிஷன்களில் சேர்ந்தது. சோத்துக்குச் சேர்ந்தான் என்றார்கள். இப்போது சோத்துக்கு மறுதலிக்கிறான் என்கிறார்கள். இரண்டு தடவையும் சொல்கிற வாய் சாப்பிட்டுவிட்டுச் சொல்கிற வாய்தான்.

சான்றிதழுக்காக மறுதலித்த முதல் ஆட்கள் நாங்கள் இல்லை என்பது ரொம்பக் காலம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. கி.பி. 250-இல் ரோமச் சக்கரவர்த்தி தேசியஸ் ஓர் ஆணை போட்டான். எல்லாரும் தேவர்களுக்குப் பலி செலுத்த வேண்டும், அதிகாரிகள் முன் செலுத்திவிட்டு அதற்கு ஒரு சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தச் சான்றிதழ்களில் சில எகிப்து மணலில் பாப்பிரஸ் தாள்களாகவே கிடைத்திருக்கின்றன. ஆணைக்குப் பயந்து பலி செலுத்திய கிறிஸ்தவர்கள் உண்டு. பலி செலுத்தாமலே காசு கொடுத்தோ ஆள் பிடித்தோ சான்றிதழ் மட்டும் வாங்கிக்கொண்டவர்களும் உண்டு. இந்த இரண்டாம் வகைக்குச் சபை தனியாகவே ஒரு பெயர் வைத்தது. சான்றிதழ்காரர்கள் என்று நாம் சொல்லலாம். அப்பா எந்த வகை? சாம்பல் பூசியதால் முதல் வகையா, அது வெறும் அடுப்புச் சாம்பல் என்பதால் இரண்டாம் வகையா? எனக்குத் தெரியவில்லை.

கொடுமை ஓய்ந்ததும் இவர்களை என்ன செய்வது என்று சபை குழம்பியது. ரோமில் நோவாத்தியன் என்பவர், விழுந்தவனைச் சபை திரும்பச் சேர்க்கக் கூடாது என்றார். கார்த்தேஜில் சிப்பிரியன் என்ற பிஷப்பும் அவர் கூட்டிய சங்கமும் 251-இல் நடுவழி கண்டார்கள்: சான்றிதழ்காரர்கள் தவம் செய்து திரும்பலாம், பலி செலுத்தியவர்களுக்கு மரணப்படுக்கையில்தான் சமாதானம். இந்தச் சிப்பிரியன் வசதியான குடும்பத்துக்காரர். கொடுமை நடந்தபோது தலைமறைவாக இருந்தார். ஓடி ஒளிய இடம் இருந்தவர், இல்லாதவர்களுக்குத் தண்டனை அளந்தார்.

இதில் இன்னொரு சங்கதிதான் என்னை உலுக்கியது. விழுந்தவர்கள் முதலில் பிஷப்பிடம் போகவில்லை. மறுதலிக்காமல் ஜெயிலில் கிடந்தவர்களிடம், அடிபட்டவர்களிடம் போனார்கள். 'இவரை மன்னித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று அவர்களிடமிருந்து சமாதானச் சீட்டு வாங்கிவந்தார்கள். சிப்பிரியனுக்கு இது பிடிக்கவில்லை, கணக்கில்லாமல் சீட்டுக் கொடுக்கிறார்கள் என்று கோபப்பட்டார். ஆனால் ஜனங்களுக்கு விஷயம் புரிந்திருந்தது. விலை கொடுத்தவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

பெரியம்மா விலை கொடுத்தவர். எழுபதுகளில் செகண்டரி கிரேடு டீச்சர் டிரெய்னிங் முடித்தவர். எங்கள் தெருவில் முதல் ஆள். அப்ளிகேஷனில் மதம் என்ற இடத்தில் 'கிறிஸ்தவர்' என்று எழுதினார். மாற்றி எழுது, வேலை நிச்சயம் என்று எல்லாரும் சொன்னார்கள். "தண்ணிய ஊத்தி எனக்கு வச்ச பேர நானே அழிக்கணுமா?" என்று கேட்டாராம். பிற்படுத்தப்பட்டோர் வரிசையில் நின்றார், முறை வரவேயில்லை. பால்வாடியில் கொஞ்ச சம்பளத்துக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். ஆதிதிராவிடர்களுக்குத் தொகுப்பு வீடு வந்தபோது 'நீங்க லிஸ்ட்ல வரமாட்டீங்கம்மா' என்று சொல்லிவிட்டார்கள். கடைசிவரை மண்சுவர். நான் அந்தச் சான்றிதழை வைத்துப் படித்து, அதை வைத்தே வேலைக்கும் போய், கடலூரில் மாடிவீடு கட்டினேன்.

நான் செய்தது தப்பா? இதற்குச் சபைக்குள் இரண்டு பதில் கிடைக்கும்.

முதல் பதிலை எங்கள் ஐயரே சொன்னார்: "மனசுக்குள்ள இருந்தாப் போதும் தம்பி, பேப்பர்ல என்ன இருக்கு." அன்பாகத்தான் சொன்னார். என்னால் ஏற்க முடியவில்லை. மனசுக்குள் இருந்தால் போதும் என்றால் எங்கள் பாட்டன் எதற்கு ஞானஸ்நானம் வாங்கினான்? நாலு பேர் பார்க்க, பண்ணையார் காதுக்குப் போக, அடி விழும் என்று தெரிந்தே வாங்கினான். அவனுக்கு அது உள்ளே நடந்த விஷயம் இல்லை. வெளியே ஒரு பெயர், ஒரு பள்ளிக்கூடம், எல்லார் வாயும் படுகிற ஒரே பாத்திரம். 1717-இலேயே சீகன்பால்கு கடலூரில் பள்ளிக்கூடம் தொடங்கினார். எங்கள் ஜனம் கிறிஸ்துவைக் கண்டுகொண்டது சிலேட்டில்தான் என்று ஒரு பெரியவர் சொல்வார். அதைப் போய் மனசுக்குள் பூட்டிவிட்டால் பாட்டன் பட்ட அடிக்கு அர்த்தமில்லை.

இரண்டாம் பதில்: மனுஷர் முன்பாக மறுதலித்தவன் போனான். இதைச் சொல்கிறவர்களை நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு: உங்களுடைய சான்றிதழுக்கு என்ன விலை? ஒரு நாடார் இந்துவாக இருந்தாலும் கிறிஸ்தவராக இருந்தாலும் பிற்படுத்தப்பட்டவர்தான். இயேசுவின் பெயரைச் சொல்வதில் அவருக்குப் பேப்பரில் ஒரு காசு நஷ்டமில்லை. நஷ்டமில்லாத வாக்குமூலம் வாக்குமூலம்தானா என்பதை அவர்கள் யோசிக்கட்டும்.

அதோடு, சாதி போகவில்லை என்று கோர்ட்டில் நிரூபிக்கச் சொன்னார்களே, சாட்சிக்கு வெளியே போகவேண்டாம். 1833-இல் பிஷப் வில்சன் ஆங்கிலிக்கன் சபைகளில் சாதியை அடியோடு விட வேண்டும் என்று உத்தரவு போட்டபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் சபையை விட்டே போனார்கள். அவர்களில் பலரை லைப்சிக் லுத்தரன் மிஷன் சேர்த்துக்கொண்டது, சாதியைப் பொறுத்துக்கொண்டது. அந்த மிஷனிலிருந்தே ஒருவர் இது தகாது என்று எழுதிவிட்டு வெளியேறினார். கார்ல் ஓக்ஸ். 1860-களின் தொடக்கத்தில் அவர் வந்து உட்கார்ந்த இடம் நம் பண்ருட்டிப் பக்கத்து மேல்பட்டாம்பாக்கம். டேனிஷ் மிஷன் அவரை ஏற்றுக்கொண்டது, அதிலிருந்து வளர்ந்ததுதான் கடலூரைத் தலைமையாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை. சாதியை மறுத்து ஒருவர் வெளியேறியதில் தொடங்கிய சபை என்று நாங்கள் பெருமைப்படலாம். அந்தப் பெருமைக்கு எவ்வளவு தகுதியாக இருக்கிறோம் என்பது வேறு கட்டுரை. கத்தோலிக்கர் பக்கம் புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டு எழுந்தது 2008-இல். கல்லறை தனி, சாவு வண்டி தனி என்றிருந்த ஊர். மார்ச் 9-ஆம் தேதி கலவரத்தில் போலீஸ் சுட்டு வன்னியக் கிறிஸ்தவர்கள் இரண்டு பேர் செத்தார்கள். எல்லாரும் ஒரே ஞானஸ்நானம் வாங்கியவர்கள்.

சிதம்பரத்துக்காரர்கள் நந்தனை நினைக்காமல் இருக்க முடியாது. அவருக்கு முக்தி நிச்சயம், கதையில் சந்தேகமே கிடையாது. ஆனால் நெருப்பில் இறங்கி, புலையுடம்பு போய், பூணூலோடு எழுந்தால்தான் உள்ளே. அப்புறம் அவரை யாரும் பார்க்கவில்லை. ஆதனூர்ச் சேரிக்கு அவர் திரும்பி வரவில்லை, மறுநாள் காலையில் எந்தத் தெருவில் நடப்பது என்ற பிரச்சினை அவருக்கு எழவில்லை. ஆளையே காணாமல் அடித்துக் கிடைக்கிற நிச்சயம் அது. அதே நந்தன் பெயரில் 1916-இல் சிதம்பரத்தில் பள்ளிக்கூடம் வைத்தார் சுவாமி சகஜானந்தர். திண்டிவனம் மிஷன் பள்ளியில் படித்தபோது கிறிஸ்தவராக மறுத்தவர் அவர். நான் அவர் பாதையில் இல்லை. ஆனால் உடம்போடு இருக்கிறவனுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று கண்டதில் அவரும் மிஷனரியும் ஒன்றுதான்.

என் பதிலுக்கு வருகிறேன். நான் ஞானஸ்நானம் பெற்றபோது எனக்கு நாற்பது நாள். நான் யாரையும் பிடித்துக்கொள்ளவில்லை, என்னைத்தான் யாரோ தூக்கிப் பிடித்திருந்தார்கள். லூத்தர் சொன்னது மெய்யென்றால் பிடி என்னுடையது இல்லை. பதினெட்டு வயசுப் பையன் ஓர் ஆபீசருக்குப் பயந்து சொன்ன ஒரு வார்த்தையில் விட்டுவிடுகிற கை, பிடிக்கத் தகுந்த கையே இல்லை. ஆகவே நான் இழந்துபோகவில்லை என்றே நம்புகிறேன். கடவுள் பக்கம் எனக்குப் பயமில்லை.

ஆனால் இந்த நிச்சயம் எனக்குத் தூக்கம் தரவில்லை. ஏனென்றால் பொய் சொன்னதில் கடவுளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. உண்மை சொன்னதில் பெரியம்மாவுக்கு நஷ்டம். அவர் விட்ட வேலை எனக்கு வந்த வேலை மாதிரியே இருந்தது. ஆர்.ஐ. சதி செய்தான், அரசாங்கம் சதி செய்தது, சரி. அந்தச் சதியில் எனக்கு லாபம், அவருக்கு மண்சுவர். இரட்சிப்பு பத்திரமாக இருக்கிறது என்று சொல்லி இந்தக் கணக்கை மூட முடியாது. பிரசங்கியார்கள் இந்தக் கணக்கைத் திறப்பதே இல்லை.

ஒருநாள் அவரிடமே போனேன். கார்த்தேஜ் கதையெல்லாம் சொல்லவில்லை. "நான் அப்பிடி எழுதிக் குடுத்தது தப்பா பெரிம்மா?" என்று கேட்டேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தவில்லை.

"நீ படிச்ச, புள்ளைங்களப் படிக்க வச்ச. அது போதும்டான்னு சொல்லணும்னுதான் ஆச. சொல்ல வரல."

கொஞ்ச நேரம் கழித்து, "சாப்புட்டுட்டுப் போ" என்றார்.

2015 நவம்பரில், கடலூர் மாவட்டமே வெள்ளத்தில் மிதந்த அந்த மழையில், பெரியம்மா செத்தார். வாய்க்கால் கரை தெரியவில்லை. ஊர்த்தெரு வழியாகப் போகப் பேசிப்பார்த்தோம், நடக்கவில்லை. மார்பளவுத் தண்ணீரில் எட்டுப் பேர் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு போனோம். ஐயர் கரையிலேயே நின்று ஜெபித்தார்.

2024 நவம்பரில் உச்சநீதிமன்றத்தில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்குத் தீர்ப்பு வந்தது. கிளார்க் வேலைக்காக இந்து அட்டவணைச் சாதிச் சான்றிதழ் கேட்டவர். சின்ன வயசில் வாங்கிய ஞானஸ்நானத்தின் பதிவே அவருக்கு எதிரான சாட்சியாக நின்றது. நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்வது அரசியல் சட்டத்தை ஏமாற்றுவது என்றார்கள் நீதிபதிகள். பேப்பரில் படித்த அன்றே பஸ் பிடித்து எங்கள் கோயிலுக்குப் போனேன். பழைய ஞானஸ்நான ரிஜிஸ்தரை எடுத்துக் காட்டச் சொன்னேன். என் பெயர் இருந்தது. கோயில் பெயர், தேதி, அப்பா கையெழுத்து. மசி வெளுத்திருந்தாலும் படிக்க முடிகிறது. புதுசாக வந்திருந்த சின்ன வயசு ஐயர் ஏற இறங்கப் பார்த்தார்.

"நகல் ஏதும் வேணுங்களா?"

"எனக்கு வேணாங்கய்யா" என்றேன். அடக்க ரிஜிஸ்தரில் 2015-ஆம் வருஷத்துப் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, பெரியம்மாவுடையதற்கு மட்டும் ஒரு நகல் எழுதி வாங்கிக்கொண்டேன்.